மேசைக் கால் தின்ற எண்

எங்கள் லாரியின் கையேட்டில் நூற்று நாற்பத்தேழாம் பக்கம் கிடையாது. நூற்று நாற்பத்தாறு இருக்கிறது. டயரைக் கழற்றுவது எப்படி என்று படம் போட்டிருக்கிறது. அதற்கடுத்து நேராக நூற்று நாற்பத்தொன்பது; கண்ணாடியைத் துடைப்பது எப்படி என்று போட்டிருக்கிறது, அது தெரியாமல்தான் ஜனங்கள் திண்டாடிக்கொண்டிருந்த மாதிரி. நடுவில் இருக்க வேண்டிய தாளில்தான் அந்த லாரிக்கு எந்தப் பெட்ரோல் போட வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்தத் தாள் எங்கே என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஒன்பது வருஷமாக எங்கள் குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது.

நான் சலவைக் கடை நடத்துகிறேன். மூன்று பெரிய மெஷின், ஒரு உலர்த்தி, ஒரு நீளமான இஸ்திரி மேசை. மேசையில் இஸ்திரி போடுவது என் நாத்தனார். துணியை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்து வருவது என் வீட்டுக்காரர், பெட்ரோலில் ஓடும் ஒரு சின்ன லாரியில். தெருவில் அவருக்கு ஆக்டேன் என்று பெயர். முன்னாடி கூப்பிடும்போது மரியாதையாக ஆக்டேன் அண்ணன் என்பார்கள், பின்னாடி வெறும் ஆக்டேன்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். இந்த லாரிக்கு முன்னால் வேறொரு லாரி வைத்திருந்தோம். அதற்கு எண்பத்தேழு நம்பர் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் பங்க்கில் ஓரமாக எண்பத்தைந்து என்று ஒரு குழாய் இருப்பதைப் பார்த்திருக்கிறார். ரெண்டு நம்பர்தானே குறைச்சல், விலையும் குறைச்சல் என்று அதைப் போட ஆரம்பித்துவிட்டார். எண்பத்தேழு என்பது ஆக்டேன், பெட்ரோல் எஞ்சினுக்குள் எவ்வளவு நசுக்கினாலும் அவசரப்பட்டு வெடிக்காமல் தாங்கும் கணக்கு. எண்பத்தைந்து என்பது நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு எத்தனால். அதற்கென்றே செய்த வண்டிதான் அதைத் தாங்கும். இதெல்லாம் எங்களுக்கு அப்புறம் தெரிந்தது. ஒரு மாதத்தில் உள்ளே இருந்த ரப்பர் குழாயெல்லாம் ஊறிப் போய், கடையை இந்த இடத்துக்கு மாற்றிய அன்றைக்கு, மூன்று மெஷினையும் மேலே ஏற்றிக்கொண்டு போகும்போது, மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி செத்தது. பின்னால் அரை மைலுக்கு ஹாரன். நான் இறங்கி நடுரோட்டில் நின்று, அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, "ஒரு நம்பரைப் பாத்துப் போடத் தெரியாதா உங்களுக்கு? நீங்கள்லாம் எதுக்குப் பொறந்தீங்க?" என்று கேட்டேன்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். அன்றிலிருந்து அவரால் ஒரு நம்பரைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

இப்போதிருக்கும் லாரியை அடுத்த வாரமே பழையதாக வாங்கினோம். பெட்ரோல் தொட்டி மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த விவரச் சீட்டு தேய்ந்து வெள்ளையாக இருந்தது. கையேட்டை எடுத்துப் பார்த்தால் அந்தத் தாள் இல்லை. கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். நாலு மாதம் கழித்து, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, விவரங்களுக்குக் கையேட்டின் நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தைப் பார்க்கவும் என்று பதில் வந்தது. திரும்ப எழுதுவதற்குள் கம்பெனியே மூடிவிட்டது.

அதன் பிறகு மனுஷன் சும்மா இருக்கவில்லை. காலி ஜாம் பாட்டில்களில் பெட்ரோலை ஊற்றி, தண்ணீர் கலந்து குலுக்கி, எத்தனால் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று கோடு போட்டுப் பார்ப்பார். இஸ்திரிப் பெட்டி கொதிக்கிற கடையில் பெட்ரோல் பாட்டிலை அலமாரியில் அடுக்கினால் எனக்கு எப்படி இருக்கும்? பாட்டிலையெல்லாம் ஒரு நாள் வெளியே தூக்கி வைத்தேன். நோட்டுப் புத்தகத்துக்கு மாறினார். பாதி எண்பத்தேழும் பாதி தொண்ணூற்றொன்றும் போட்டால் நடுவில் இருக்கலாம் என்று கொஞ்ச காலம். நடுவில் எண்பத்தொன்பது என்று ஒரு குழாய் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்போதே! பெட்ரோல் அவசரப்பட்டு வெடித்தால் எஞ்சினுக்குள் கோலிக்குண்டு உருளும் சத்தம் வருமாம்; ஏற்றத்தில் அது கேட்கிறதா என்று என்னைக் கேட்பார். கேட்கவில்லை என்றால் நான் சரியாகக் கேட்கவில்லை என்பார். கேட்கிறது என்றால் அன்றைக்கு ராச்சாப்பாடு இறங்காது அவருக்கு.

சரி, தாள் விஷயத்துக்கு வருகிறேன். கடை மாற்றிய மறு வாரம் புதுத் தரையில் இஸ்திரி மேசை ஆடியது. நாத்தனார், "அண்ணி, ஒரு மடிப்பு வெச்சா ரெண்டு மடிப்பு விழுது" என்று கத்தினாள். பக்கத்தில் ஒரு தடிப் புத்தகம் கிடந்தது. பிரித்தேன். வானொலியில் நிலையம் பிடிப்பது எப்படி என்று ஒரு பக்கம் வந்தது. லாரியில் வானொலியே கிடையாது. கிழித்து, எட்டாக மடித்து, மேசைக் காலுக்கு அடியில் செருகிவிட்டேன். திருப்பிப் பார்க்க யாருக்கு நேரம்? அந்தப் பக்கத்துக்கு முதுகில்தான் பெட்ரோல் இருந்தது. அவர் கம்பெனிக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் எனக்கே பொறி தட்டியது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் மேம்பாலத்தில் அத்தனை பேர் முன்னால் அவரைத் திட்டியவள் நான். அடுத்த வாரமே அந்தத் தாளைக் கிழித்ததும் நான்தான் என்று எந்த வாயால் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

இந்த வருஷம் கடை மூடுகிற நிலைமைக்கு வந்தது. இடத்துச் சொந்தக்காரர் வேறு ஆள் பார்த்துவிட்டார். மூடினால் நான் பழையபடி பெரிய சலவை ஆலைக்குப் போக வேண்டும், அங்கே கழிப்பறைக்குப் போனால்கூடச் சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நாத்தனார் எங்கே போவாள் என்று எனக்குத் தெரியாது. அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். முந்நூறு படுக்கை விரிப்பு, தினமும். ஏழு நாள் சோதனை. ஏழு நாளும் காலை எட்டு மணிக்குள் பின்வாசலுக்கு வந்துவிட வேண்டும். ஒரு நாள் ஒரு நிமிஷம் பிந்தினாலும் ஒப்பந்தம் கிடையாது. அங்கே விரிப்புகளுக்குப் பொறுப்பான அம்மாள் தினமும் வார்டுச் சுவரிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி, கையில் ஏந்திக்கொண்டு, பின்வாசலில் வந்து நிற்பார். அந்தக் கடிகாரம்தான் செல்லும். நம் கைக்கடிகாரத்தைக் காட்டினால் பார்க்கமாட்டார்.

ஆறு நாள் நல்லபடியாகப் போனது. ஏழாவது நாள் காலை ஏழு மணிக்கு விரிப்புகளைக் கட்டி ஏற்றினோம். அவர் முகம் சரியில்லை.

"பெட்ரோல் போடணும்," என்றார்.

"போட்டுட்டுப் போங்க. நாலு கட்டடம் தள்ளித்தானே பங்க்கு?"

"ஆறு நாளா முடிவு பண்ண முடியலை. அப்படியே ஓட்டிட்டேன். முள்ளு அடியில கிடக்குது."

எனக்கு வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "எதையாவது போடுங்க, சாமி," என்று அனுப்பினேன்.

ஏழு இருபதுக்கு நாத்தனார் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "அண்ணி, நம்ம வண்டி இன்னும் பங்க்குலயே நிக்குது. பக்கத்துல கூட்டம் வேற."

போட்டது போட்டபடி ஓடினேன்.

விஷயம் என்னவென்றால், பங்க்கில் முந்தின நாள் புது மெஷின் வைத்திருக்கிறார்கள். மூன்று குழாய் இருந்த இடத்தில் ஆறு குழாய். எண்பத்தேழு, எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது, தொண்ணூற்றொன்று, எத்தனால் கலக்காத தொண்ணூற்றொன்று, கடைசியில் மஞ்சள் கைப்பிடியோடு அந்தப் பாழாய்ப்போன எண்பத்தைந்து. முதல் நாலுக்கும் கீழே எத்தனால் பத்து, எத்தனால் பதினைந்து என்று சின்ன எழுத்து வேறு. மூன்றிலேயே முழி பிதுங்குகிறவருக்கு ஆறைக் காட்டினால் என்ன ஆகும்? பெட்ரோல் தொட்டி மூடியைக் கழற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அசையாமல் நிற்கிறார். பின்னால் பதினாலு வண்டி.

வண்டிக்காரர்கள் முதலில் ஹாரன் அடித்திருக்கிறார்கள். அப்புறம் இறங்கி வந்து ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். யோசனைகள் சண்டையாகிவிட்டன. நான் போகும்போது பங்க் மேனேஜர் உள்ளிருந்து நாற்காலி எடுத்துப் போட்டு, அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதில் ஓட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"தொண்ணூத்தொண்ணுக்கு ஏழு, எண்பத்தேழுக்கு ஏழு," என்றார் என்னைப் பார்த்ததும், பெருமையாக. "சைக்கிள்ல வந்தவர் ஒருத்தர் இருக்கார். அவருக்கு ஓட்டு உண்டா இல்லையாங்கறதுல நிக்குது."

"நான் டயருக்குக் காத்தடிக்க வந்தேன்," என்றார் சைக்கிள்காரர். "ஆனா கருத்து இருக்கு."

ஓய்வு பெற்ற வேதியியல் வாத்தியார் ஒருவர் நாற்காலியில் ஏறி நின்றிருந்தார். "ஆக்டேன் அதிகமா இருந்தா பலம் அதிகம்னு நினைக்கறது அறியாமை. அது பொறுமையோட அளவு. இந்த எஞ்சின் எவ்வளவு நெருக்குதுன்னு தெரியாம எவ்வளவு பொறுமை வேணும்னு எப்படிச் சொல்றது?"

"அதனாலதான் இருக்கறதுலயே ஒசந்ததைப் போடணும்ங்கறேன்!" என்று கத்தினார் ஆம்புலன்ஸ் டிரைவர். ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸேதான், மூன்றாவதாக நின்றிருந்தது. நல்ல வேளை, உள்ளே ஆள் யாரும் இல்லை.

எனக்கு உயிர் வந்தது. "அண்ணே, நீங்க ஆஸ்பத்திரிக்குத்தானே போறீங்க? இந்த விரிப்புகளை ஏத்திக்குங்க, புண்ணியமாப் போகும்."

அவர் வருத்தமாகத் தலையை ஆட்டினார். "நான் அழுக்குத் துணிதாம்மா ஏத்தலாம். சுத்தமான துணிக்கு எனக்கு அனுமதி இல்லை."

"அழுக்குன்னு சொல்லி ஏத்துங்களேன்."

"அப்ப அங்க போனதும் உங்களுக்கே துவைக்க அனுப்பிடுவாங்க."

மணி ஏழு இருபத்தாறு. ஆஸ்பத்திரிக்குப் பதினைந்து நிமிஷம் ஆகும், மேம்பாலத்தில் நெரிசல் இருந்தால் இருபது. நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் போனேன். நன்றாக நாலு வார்த்தை கேட்பதற்குத்தான் போனேன், பொய் சொல்லமாட்டேன். பக்கத்தில் போனதும் அவர் என் பக்கம் குனிந்தார்.

"அன்னிக்கு நம்ம சாமான்தான் மேல இருந்துச்சு," என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "இன்னிக்கு உன் கடையே மேல இருக்கு. தப்பாப் போட்டுட்டேன்னா?"

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் கேட்ட அந்தக் கேள்வி அந்த மனுஷனுக்குள் இன்னும் உட்கார்ந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. திட்டுவதற்கு வைத்திருந்த நாலு வார்த்தையும் எங்கேயோ போய்விட்டன.

"அந்தப் பக்கம் என்கிட்ட இருக்குங்க," என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"நூத்தி நாப்பத்தேழு. இஸ்திரி மேசைக் காலுக்கு அடியில இருக்கு. நான்தான் வெச்சேன். இருங்க, எடுத்துட்டு வரேன்."

அவர் என்ன முகம் காட்டினார் என்று பார்க்க நான் நிற்கவில்லை. கூட்டம் மட்டும் ஒரே குரலில் "ஆ!" என்றது பின்னால் கேட்டது.

கடைக்குள் ஓடி மேசையைத் தூக்கச் சொன்னேன். "சூடா இருக்கு அண்ணி, பெட்டி விழும்," என்றாள் நாத்தனார். "விழட்டும், தூக்குடி!" தாள் தரையோடு ஒட்டிக் கிடந்தது. ஒன்பது வருஷ நீராவியும் பாரமும் சேர்ந்து அது தாளாக இல்லை, பலகைத் துண்டாக இருந்தது. கத்தியை விட்டுப் பெயர்த்து எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நான் திரும்பி வந்தேன். வழி விட்டார்கள். வாத்தியார் நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டார். மேனேஜர் தொப்பியைக் கழற்றினார், எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. வண்டி பக்கத்தில் போய், கிழியாமல் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

எட்டாக மடித்த தாளில் இரும்புக் கால் ஒன்பது வருஷம் நின்றால் எட்டு ஓட்டை விழும். ஐந்து ஓட்டை வெறும் இடத்தில் விழுந்திருந்தன. பாக்கி மூன்றும் எங்கே என்றால், எழுதியிருந்ததை அப்படியே சொல்கிறேன்: இந்த வண்டிக்கு, ஓட்டை, ஆக்டேனுக்குக் குறையாத பெட்ரோலை மட்டுமே பயன்படுத்தவும். அதில் எத்தனால், ஓட்டை, சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மீறினால், ஓட்டை.

மீறினால் என்ன ஆகும் என்பதைக்கூட அந்த மேசைக் கால் விட்டுவைக்கவில்லை.

இருபது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி ஏழு முப்பத்தாறு. தொண்ணூற்றொன்று குழாய் அந்தக் கோடியில் இருந்தது, வண்டியைத் திருப்பினால்தான் எட்டும். எண்பத்தேழு கையெட்டும் தூரத்தில் இருந்தது. கட்டைவிரலால் ஒரு ஓட்டையையும் ஆள்காட்டி விரலால் இன்னொன்றையும் மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி கணீரென்று வாசித்தேன்.

"இந்த வண்டிக்கு எண்பத்தேழு ஆக்டேனுக்குக் குறையாத பெட்ரோலை மட்டுமே பயன்படுத்தவும். அதில் எத்தனால் பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது."

"மீறினால்?" என்றார் வாத்தியார்.

"மீறினால் நான் மனுஷியா இருக்கமாட்டேன், சார்."

எண்பத்தேழுக்கு ஓட்டுப் போட்டவர்கள் கைதட்டினார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர், பழைய பதிப்பாக இருக்கும் என்று முணுமுணுத்தார். வாத்தியார் தாளை வாங்கிப் பார்க்கக் கையை நீட்டினார். நான் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன். அதற்குமேல் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எண்பத்தேழை எடுத்தார், போட்டார், மூடியைத் திருகினார். மூன்று திருகு. நான் ஏறி உட்கார்ந்தேன்.

மேம்பாலத்து ஏற்றம் வந்தது. பாதி ஏறும்போது உள்ளே கோலிக்குண்டு உருண்டது. இந்தத் தடவை எனக்கே நன்றாகக் கேட்டது. நான் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு கியர் குறைத்தார், அவ்வளவுதான். சத்தம் நின்றது. வண்டி உச்சி தாண்டி இறக்கத்தில் ஓடியது.

பின்வாசலில் அந்த அம்மாள் கடிகாரத்தை ஏந்திக்கொண்டு நின்றிருந்தார். நொடிமுள் கடைசிச் சுற்றில் இருந்தது. அவர் முதல் கட்டை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார். "ஏதோ பெட்ரோல் வாடை அடிக்குதே," என்றார்.

"அது இவரு, மேடம். விரிப்பு இல்லை."

அவர் இன்னொரு கட்டையும் முகர்ந்து பார்த்தார். பிறகு கடிகாரத்தை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். கடை பிழைத்தது. நான் ஆஸ்பத்திரிக் குப்பைத்தொட்டி பக்கத்தில் நின்று, யாரும் பார்க்காமல் கொஞ்சம் அழுதேன்.

திரும்பி வந்து கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். சாவியை எடுக்கவில்லை. அந்தத் தாளை இப்போது கேட்பார் என்று எனக்குத் தெரியும். ஒன்பது வருஷம் தேடியவர், சட்டம் போட்டு மாட்டுவேன் என்றுகூடச் சொல்வார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"தாளைத் திருப்பி வெச்சுடு," என்றார். "மேசை ஆடுதுன்னு தங்கச்சி கத்திட்டிருப்பா."

"உங்களுக்குப் பாக்க வேண்டாமா?"

"அதான் பாத்தேனே. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிச்சுட்டு நின்னியே. நான் அந்தப் பக்கம் நின்னேன். ஓட்டை வழியா உன் ரெண்டு விரல் ரேகையும் தெரிஞ்சுது."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "தெரிஞ்சுமா போட்டீங்க?"

"போட்டேன்."

"தப்பாயிருந்தா?"

அவர் ஸ்டீயரிங்கைத் துடைத்தார், அதில் ஒரு அழுக்கும் இல்லை. "அன்னிக்குத் தப்பு என்னுது. பாலத்துல நான் மட்டும் நின்னேன். இன்னிக்கு நம்பர் உன்னுது, போட்டது நான். நின்னா ரெண்டு பேரும் சேர்ந்துதானே நிப்போம்?"

"அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க," என்றேன். ஒன்பது வருஷமாகத் தள்ளிப்போட்டது, சொல்ல ஒரு நொடிதான் ஆனது. அவர் தலையை ஆட்டினார். அப்புறம் இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார், அது உள்ளிருந்து திறக்காது.

உள்ளே நாத்தனார் ஒரு காலால் மேசையை முட்டுக்கொடுத்தபடி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணி, முதல்ல அந்தக் காயிதத்தைக் குடுங்க, மத்ததெல்லாம் அப்புறம்," என்றாள். என் வீட்டுக்காரர் மேசையைத் தூக்கிப் பிடித்தார். நான் குனிந்து, நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தை எட்டாக மடித்தேன். பழைய மடிப்பிலேயே மடிந்தது. காலுக்கு அடியில் செருகினேன்.

"இறக்குங்க," என்றேன். அவர் மெதுவாக இறக்கினார். அசைத்துப் பார்த்தோம். மேசை ஆடவில்லை.